ஜாத்திரை வாரத்தில் வந்த வெள்ளைச் சட்டை

படுக்கையறைக் கதவு திறந்தது. என் தம்பி தாமோதரன் வெளியே வந்து நின்றான். நான் சிரித்துவிட்டேன்.

தலை முதல் கால் வரை வெள்ளை. வெள்ளை அரைக்கைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை பெல்ட், வெள்ளை ஷூ. தோளில் கறுப்புப் பட்டை, அதில் இரண்டு தங்கக் கோடுகள். மார்பில் வண்ண வண்ணமாகச் சின்னத் துணிப்பட்டைகள். கையில் கறுப்பு விளிம்பு வைத்த வெள்ளைத் தொப்பி. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது. ரசகற்பூரமும் சோப்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை.

"ஜோரா கீதுடா! எந்தக் கடையில வாடகைக்கு எடுத்த?" என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை.

"வேஷம் இல்லக்கா. இது என்னுது," என்றான்.

நான் கேழ்வரகு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே குண்டானுக்குள் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. விரலிடுக்கில் மாவு காய்ந்து இறுகியது மட்டும் நினைவிருக்கிறது.

வேஷம் கட்டும் வாரம்

அதை நான் ஏன் வேஷம் என்று நினைத்தேன் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

திருப்பதியில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற சமயத்தில் கங்கம்மா ஜாத்திரை வரும். ஒரு வாரம். முன்னொரு காலத்தில் ஊர்ப் பெண்களைச் சீரழித்த பாளையக்காரன் ஒருவன் அம்மனுக்குப் பயந்து ஒளிந்துகொண்டானாம். அம்மன் தினம் ஒரு வேஷத்தில் அவனைத் தேடினாளாம். கடைசியில் துரை வேஷம் போட்டுக்கொண்டு வந்தாள். யாரோ பெரிய துரை வந்திருக்கிறார் என்று நம்பி வெளியே வந்தவன் தலையைக் கொடுத்தான்.

அதனால் அந்த வாரம் வேண்டுதல் உள்ளவர்கள் எல்லாம் வேஷம் கட்டுவார்கள். மீசை வைத்த ஆண்கள் புடவை கட்டி, சவுரி முடி வைத்து, பூ வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர் லாட்ஜில் மேனேஜர். வருஷம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாவி கொடுக்கிறவர். ஜாத்திரைக்கு மட்டும் என் பச்சைப் புடவை அவருக்கு. அன்றும் அதைத்தான் கட்டியிருந்தார். "ஜாக்கெட் புடிக்குது, பிரிச்சு உடு" என்று காலையிலிருந்து என் உயிரை எடுத்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேஷம் கட்டியவனும் வேடிக்கை பார்ப்பவனும் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டலாம். அம்மா, அக்கா, பாட்டன் முப்பாட்டன் எல்லாரையும் இழுத்துத் திட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. திட்டு வாங்கினால் நல்லது என்பார்கள். சாதாரணமாகக் கடையில் குங்குமத்துக்கு விலை கேட்கவே கூசுகிறவள் நான். அந்த வாரம் வாசல் பக்கம் அதிகம் போக மாட்டேன்.

சுடுகாட்டில் சொன்ன சொல்

நாங்கள் சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா மற்றவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். பிறகுதான் கவர்மெண்டில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அண்ணன் ஏகாம்பரம், நான், தம்பி தாமோதரன்.

அண்ணன் சித்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, செருப்பில்லாத காலோடு ஓடிக் காட்டிப் பட்டாளத்தில் சேர்ந்தான். லீவில் வரும்போது பஸ்ஸின் மேலே இருந்து டிரங்குப் பெட்டியை இறக்குவான். ஊரே பார்க்கும். நைனா அந்தப் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். மகனைத் தூக்க விடமாட்டார்.

பிறகு ஒரு நாள் அவனே பெட்டியில் வந்தான்.

கூட வந்தவர்கள் இந்தியில் என்னவோ சொன்னார்கள். தாசில்தார் ஆபீஸ்காரர் ஒருவர் அதைத் தெலுங்கில் திருப்பிச் சொன்னார். நைனா எதையும் கேட்கவில்லை. துப்பாக்கியை மேலே தூக்கிச் சுட்டு மரியாதை செய்தபோது மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தன. நைனா என் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். அவனுக்கு அப்போது மீசை கூட அரும்பவில்லை.

"டேய், நல்லாக் கேட்டுக்க. பச்சையோ காக்கியோ வெள்ளையோ, சர்க்கார் சட்டைய நீ போட்டன்னு வெச்சுக்க, எனக்குக் கொள்ளி வெக்க வராத. நாய் இழுத்துக்கினு போனாலும் போவட்டும். நீ வராத."

தம்பி தலையை ஆட்டினான். அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். எங்கள் பக்கத்தில் சுடுகாட்டில் சொன்ன சொல்லை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அண்ணன் பட்டாளச் சட்டையில் எடுத்த போட்டோவை நைனா வீட்டில் மாட்ட விடவில்லை. கல்யாணமாகி வரும்போது அதை நான் எடுத்து வந்துவிட்டேன். என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். புடவை எடுக்கும்போதெல்லாம் அண்ணன் என்னைப் பார்ப்பான்.

கப்பலில் கம்ப்யூட்டர்

தம்பி நன்றாகப் படித்தான். திருப்பதியில் எங்கள் வீட்டிலிருந்தே எம்.சி.ஏ. முடித்தான். அது எல்லாரும் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று பறந்த காலம். ஐதராபாத்தில் ஒரு கம்பெனி அவனை அமெரிக்கா அனுப்பியது. ஏர்போர்ட்டில் நைனா கண்ணாடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் குந்திக்கினு செய்ற வேல. சுடறது கிடையாது, சாவறது கிடையாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சில வருஷம் கழித்து, கப்பல் கம்பெனிக்கு மாறிவிட்டேன் என்று போனில் சொன்னான். கப்பலில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலையாம். மாதக்கணக்கில் போன் வராது. நடுக்கடலில் சிக்னல் இல்லை என்பான். அனுப்புகிற போட்டோ எல்லாம் டி-ஷர்ட்டில்தான் இருக்கும். நாங்கள் நம்பினோம். நம்பாமல் இருக்க எங்களுக்கு என்ன தெரியும்?

அன்று அந்த வெள்ளைச் சட்டையோடு படுக்கையறைக் கட்டிலின் ஓரத்தில், மடிப்புக் கலையாமல் பாதி உட்கார்ந்துகொண்டு, முதல்முறையாக உண்மையைச் சொன்னான்.

அங்கேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்த கொஞ்ச நாளில் அவனுடைய கம்பெனியை மூடிவிட்டார்கள். பெட்ரோல் பங்கில் நின்றான். ஊருக்குத் திரும்பி வர வெட்கம். பங்குக்குப் பக்கத்தில் அந்த நாட்டுக் கடற்படைக்கு ஆள் எடுக்கும் ஆபீஸ் இருந்தது.

"தெனம் அந்தக் கண்ணாடிக் கதவப் பாத்துக்கினே இருந்தேங்க்கா. ஒரு நாள் மழ பேஞ்சுது. ஒதுங்கலாம்னு உள்ள போனேன்."

"மழைக்கு ஒதுங்கனவன் பட்டாளத்துலயா சேருவான்?"

"காபி குடுத்தாங்க," என்றான். அவனும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

முதலில் சிப்பாய் மாதிரிதான். கப்பல் தளத்தில் பழைய பெயிண்டைச் சுரண்டினான். கக்கூஸ் கழுவினான். ஆயிரம் பேர் தின்ற தட்டைத் தேய்த்தான். எம்.சி.ஏ. படித்தவன். பிறகு அந்த நாட்டுக் குடிமகன் ஆக்கினார்கள். பரீட்சை எழுதச் சொன்னார்கள். மறுபடி பயிற்சி. இவனைவிடச் சின்னப் பையன்கள் இவன் காதுக்குள் கத்தினார்கள். அதிலும் தேறி ஆபீசர் ஆனான். தோளில் ஒரு கோடு வந்தது, பிறகு இன்னொன்று.

"அங்க யாரும் என்ன தாமோதரன்னு கூப்புட மாட்டாங்கக்கா. பாஸ்போர்ட்டுல அப்பா பேர் பின்னால வருதில்ல? அங்க அதான் பேரு. லெப்டினென்ட் முனுசாமின்னாதான் தெரியும். கப்பல் முழுக்க மைக்குல முனுசாமி, முனுசாமின்னுவாங்க."

முனுசாமி எங்கள் நைனாவின் பெயர். சர்க்கார் சட்டை போட்டால் கொள்ளி வைக்க வராதே என்றவரின் பெயர், அந்தச் சட்டையோடு எந்தெந்தக் கடலிலோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"அண்ணன் நம்ம நாட்டுக்குச் செத்தான். நீ யாருக்குடா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது நான்தானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் வருவதுண்டு.

அவன் தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "தெரிலக்கா. மொத நாள் கையத் தூக்கச் சொன்னாங்க. தூக்கிட்டேன்."

அவன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்திருந்தது. ஒரே ஒரு நாள் லீவு. கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். இந்தச் சட்டையை வெளியில் போடக் கூடாதாம், விதி அப்படி. அண்ணன் போட்டோ முன்னால் ஐந்து நிமிஷம் போட்டுக்கொண்டு நிற்கத்தான் உறையில் வைத்துக் கொண்டுவந்தானாம். நான் பீரோவைத் திறந்துவிட்டேன். திறந்த கதவுக்கு முன்னால் தம்பி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். பார்க்க முடியவில்லை. பாச்சா உருண்டை வாசனைதான் கண்ணில் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நைனாகிட்ட நீ சொல்லுக்கா," என்றான்.

"நானா? எனக்கு வாய் வராதுடா."

"அடுத்து எங்க போறோம்னு சொல்ல முடியாது. நல்ல எடம் இல்ல. ஒருவேள நானும் பொட்டில வந்தேன்னு வெச்சுக்க, அவுரு அன்னிக்குத்தான் இதத் தெரிஞ்சுக்கணுமா?"

நைனா ஊரிலிருந்து ஜாத்திரைக்கு வந்திருந்தார். காலையில் தம்பியைப் பார்த்துவிட்டு, கோயிலில் கூழ் குடிக்கப் போயிருந்தார். சாயங்காலத்துக்குள் தம்பி கிளம்ப வேண்டும். அதற்குள் யாராவது சொல்லியாக வேண்டும்.

"திட்டு தொரா!"

யாரும் சொல்வதற்குள் மேளம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு சீனு ஆட்டோ ஓட்டுகிறவன். தெலுங்குக்காரன், தமிழும் பேசுவான். முகமெல்லாம் கரி பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டிக்கொண்டு ஏழெட்டுப் பேரோடு எங்கள் வாசலுக்கு வந்தான். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏமே வதினா, மொகுடு எங்க?" என்று, அண்ணியிடம் புருஷனைக் கேட்கிற மாதிரி, இடுப்பைக் கிள்ளினான். பச்சைப் புடவை கையை ஓங்கியது. எல்லாரும் கூவினார்கள்.

அப்போதுதான் உள்ளே நின்ற தம்பியைப் பார்த்தான்.

"அபோ! தொரை வேஷமு! ஒரே, இங்க பார்ரா, அசல் தொரை!"

தம்பி வேண்டாம் வேண்டாம் என்றான். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். நடுத்தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கழுத்தில் வேப்பிலை மாலை விழுந்தது. யாரோ மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். மேளம் காதைக் கிழித்தது.

"திட்டு தொரா, திட்டு! திட்டுனாத்தான் உடுவோம்!"

தம்பி திருதிருவென்று விழித்தான். கப்பலில் ஆட்களை ஏவி வேலை வாங்குகிறவன். அத்தனை பேர் நடுவில் வாயைத் திறந்து, "போங்கடா பன்னாடைங்களா" என்றான்.

"ச்சீ, இதா திட்டு? தொரைக்கு வாயே இல்ல!" தெருவே சிரித்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நைனா வந்தார்.

வெயிலில் கறுத்து, தோளில் துண்டும் கையில் குங்குமப் பொட்டலமுமாக வந்தார். மகனைப் பார்த்தார். வாசற்காலைப் பிடித்துக்கொண்டேன்.

நைனா வாய்விட்டுச் சிரித்தார்.

அண்ணன் போனதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல் போன வாயெல்லாம் தெரியச் சிரித்தார். "பாருங்கய்யா! அமெரிக்காலேர்ந்து வந்து கங்கம்மாளுக்கு வேஷம் கட்டிக்கீறான் எம்புள்ள!" என்று ஒவ்வொருவர் தோளையும் தட்டினார். பொட்டலத்தைப் பிரித்துக் குங்குமத்தை மகனுடைய நெற்றியில், கன்னத்தில், அந்த வெள்ளைச் சட்டையின் மார்பில் அப்பினார். தோளிலிருந்த தங்கக் கோட்டை விரலால் தடவி, "நல்லா செஞ்சுக்கீறானுங்க. அசலாட்டமே கீது" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். இப்படியே போய்விடட்டும், வேஷமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு நிமிஷம் அம்மனை வேண்டிக்கொண்டேன்.

தொப்பிக்குள் இருந்த பெயர்

சீனு தம்பியின் தொப்பியைப் பிடுங்கித் தன் கரித்தலையில் வைத்துக்கொண்டு ஆடினான். வேர்த்ததும் கழற்றி விசிறிக்கொண்டான். அப்போது உள்பக்கம் பார்த்தவன், எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"எம்... யு... முனுசாமி! தாத்தா, இங்க உன் பேரு கீது!"

"எம்பேரா?"

"அவுனு தாத்தா. இங்கிலீஷ்ல அச்சடிச்சுக்கீது."

நைனா தொப்பியை வாங்கினார். அவருக்கு எந்த மொழியும் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சம் இருந்தது.

"வாடகச் சட்டையில எம்பேரு எப்பிடி வரும்?"

மகனைக் கேட்கவில்லை. கூட்டத்துக்கு மேலே தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பாப்பா, இன்னா இது?"

தெருவே என்னைப் பார்ப்பது போல இருந்தது. என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசிய தருணங்கள் மிகக் குறைவு. மேளத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்தினேன்.

"வேஷம் இல்ல நைனா. அவன் அங்க நேவில கீறான். ஆபீசரு. இத்தினி வருஷமா."

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்ததை நான் பார்த்தேன். விளக்கை ஊதினால் ஒரு நொடி புகை நிற்குமே, அந்த மாதிரி ஒன்று நின்றது.

"நெஜமாடா?"

"நெஜந்தான் நைனா," என்றான் தம்பி.

நைனா திட்ட ஆரம்பித்தார்.

அவர் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. எழுதினாலும் பத்திரிகையில் போட மாட்டார்கள். கூலிக்குப் போன காலத்தில் கேட்டதும் வாங்கியதுமான எல்லா வார்த்தைகளையும் அவன் மேல் கொட்டினார். அவன் பிறந்த நேரத்தைத் திட்டினார். பெற்றவளைத் திட்டினார். அண்ணனையும் திட்டினார். தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். விசில் பறந்தது. "சபாஷ் தாத்தா! இதான் திட்டு!" என்று மேளக்காரன் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு அடி போட்டான். அது ஜாத்திரைத் திட்டு இல்லை என்பது நான்கு பேருக்கு மட்டுமே தெரியும். என் வீட்டுக்காரர் சவுரி அவிழ்ந்து தொங்க, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார்.

தம்பி அசையவில்லை. கால்களைச் சேர்த்து, கைகளை இரு பக்கமும் ஒட்டி, விறைப்பாக நின்றான். குங்குமமும் மஞ்சளும் கன்னத்தில் வழிந்தன. தொண்டை கட்டிப்போய் நைனா நிறுத்தும்வரை அப்படியே நின்றான்.

கூட்டம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

குழாயடியில்

தம்பி குளித்துவிட்டு வேறு சட்டை போட்டான். கார் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். நைனாவைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். தம்பியும் என் பின்னால் வந்தான்.

நைனா குழாயடியில் குந்தியிருந்தார். அந்த வெள்ளைச் சட்டை கல்லின் மேல் கிடந்தது. தோளிலிருந்த கறுப்புப் பட்டைகளையும் மார்பிலிருந்த துணிப்பட்டைகளையும் பத்திரமாகக் கழற்றித் துண்டில் வைத்திருந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். குங்குமம் பரவிச் சட்டையே ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. மஞ்சள் பட்ட இடங்கள் சோப்பு பட்டு ரத்தச் சிவப்பாக மாறியிருந்தன.

"வுடு நைனா. நான் பாத்துக்கறேன். அது போவாது," என்றேன்.

"மூத்தவனுது தொவைக்கக் குடுக்கல," என்றார். குரல் கரகரத்தது. "பொட்டிய ஆணி அடிச்சே குடுத்தானுங்க. தெறக்கக் கூடாதுன்னானுங்க."

இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

சட்டையை அலசினார். பிழிந்தார். உதறினார். கறை போகவில்லை. அதை என் கையில் கொடுத்தார். எனக்குப் பின்னால் தம்பி நிற்பது அவருக்குத் தெரியும். அவனைப் பார்க்காமல் சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லு பாப்பா. நான் போனா கொள்ளி வெக்க வரச் சொல்லு. இதப் போட்டுக்கினு வேணாம். வேட்டி கட்டிக்கினு வரச் சொல்லு."

தம்பி கையெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனாலும் நைனா சொல்லச் சொன்னதால், ஈரச் சட்டையோடு திரும்பி அவனிடம் சொன்னேன்.

"வேட்டி கட்டிக்கினு வருவியாம்டா."